கிளினிக் மேசையில் நம் பிள்ளை உட்கார வேண்டும்

(அப்புத்தளைப் பகுதித் தோட்டக் கிளைகளின் பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் காணியைப் பற்றியும் மற்றத் தோழர்கள் பேசுவார்கள். நான் ஒரு தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், டாக்டர், நர்ஸ், டீச்சர் என்று சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்னால் நாம் முதலில் போய் நிற்கிற மேசை ஒன்று இருக்கிறதே, அந்த மேசையில் உட்காருகிறவராகப் போகிறேன் என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ கிளினிக் நாளில் போன அனுபவம் உங்களில் எல்லோருக்கும் இருக்கும். விடிய முன் எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறோம். போனவுடன் டாக்டரைக் காண முடியாது. முதலில் நம்பர் துண்டு எடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் நம் பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். நம் பழைய பைலைத் தேடி எடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருந்தால் அதை உள்ளே வைக்க வேண்டும். பிறகுதான் டாக்டர். டாக்டரைப் பார்த்து முடிந்ததும் அடுத்த கிளினிக் திகதியை எழுதி வாங்க வேண்டும்.

இந்த வேலைகளைச் செய்கிறவர்களுக்கு இடத்துக்கு இடம் பெயர் வேறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவு உதவியாளர் இருக்கிறார், எழுதுவினைஞர் இருக்கிறார், சிற்றூழியர் இருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரியில் சேனலிங் கவுண்டர், ரிசெப்ஷன் என்கிறார்கள். பண்டாரவளை டவுனில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டரிடம் ஒரே பிள்ளை நம்பர் கொடுக்கும், போன் எடுக்கும், கணக்கும் பார்க்கும். வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே தனிப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. நம் நாட்டில் அது பல பெயரில் பிரிந்து கிடக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கிற எழுத்து வேலை, பேச்சு வேலை.

இந்த வேலையில் ஒரு சின்னப் பிழை நடந்தால் நமக்கு என்ன நட்டம் என்று பாருங்கள். ஒரு அம்மாவுக்கு சீனி வருத்தம். அடுத்த கிளினிக்குக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று கொப்பியில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. அதை யாரும் அவருக்கு விளங்கச் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல விடியற்காலையில் சீனி போட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறுகிறார். அங்கே போனதும் இன்றைக்கு இரத்தம் எடுக்க முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்கிறார்கள். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை மட்டும் கணக்கெடுத்தாலும், ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு போச்சு. திரும்பவும் போனால் இன்னொரு நாளும் போகும். பலர் திரும்பப் போகவே மாட்டார்கள். “அம்மா, முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம், தண்ணி மட்டும் குடிக்கலாம்” என்று தமிழில் சொல்ல அந்த மேசையில் ஒருவர் இருந்திருந்தால் இத்தனையும் மிஞ்சியிருக்கும்.

பெயர் விசயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமி இருப்பார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் இன்னொரு மாதிரி எழுதியிருக்கும். சிங்களத்தில் எழுதி, அதை இங்கிலீஷாக்கி, பிறகு தமிழாக்கும்போது பெயர் உருமாறிப் போகிறது. ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவருடைய பைலுக்குப் போனால் அது உயிர் போகிற விசயம். அப்படி நடக்காவிட்டாலும், பிறகு ஈ.பி.எப். எடுக்கப் போகும்போதும், நட்ட ஈடு கேட்கப் போகும்போதும், “இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தானா?” என்று சத்தியக் கடதாசி கேட்பார்கள்.

நம்முடைய சனத்துக்குப் பெயரும் கடதாசியும் எவ்வளவு பெரிய விசயம் என்று வரலாறு தெரிந்தவர்களுக்கு விளங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்தபோது கையில் கொடுக்கப்பட்டது ஒரு தகரத் துண்டு. அதில் இருந்தது ஆளின் பெயர் இல்லை, தோட்டத்தைக் காட்டும் அடையாளமும் இலக்கமும்தான். 1948 இல் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குக் கடதாசி எங்கே என்று கேட்டது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003 இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு வழி பிறந்தது. இடையில் போனது 55 வருடம். கடதாசியில் பெயர் இல்லாததாலேயே அவ்வளவு பாடுபட்ட சனத்தின் பிள்ளைகள், பெயரைச் சரியாக எழுதுகிற தொழிலுக்கு வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. நம்மில் பலர் அங்கே ஓடிப் போனவர்கள். முதல் சில நாட்கள் எத்தனை பேர் மண்ணுக்குள் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், பிறகு தொகை இறங்கிக்கொண்டே வந்தது. எந்த லயத்தில், எந்தக் காம்பராவில், யார் யார் என்று சரியான பட்டியல் கையில் இல்லாவிட்டால் ஆபத்து நேரத்தில் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம். பதிவு என்பது கந்தோர்க்காரரின் வேலை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது.

மருத்துவம் நமக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1872 இல், தோட்டப் பகுதிகளுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் போட்டது. 1912 இல் அதைத் திருத்திப் புதிதாக எழுதினார்கள். தொழிலாளி நோயில் விழுந்தால் வேலை கெடும் என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது. அந்த வழியில்தான் தோட்டத்துக்கு டிஸ்பென்சரியும், நாம் டாக்டரய்யா என்று கூப்பிடுகிற வைத்திய உதவியாளரும், மருத்துவிச்சி அம்மாவும் வந்தார்கள். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது, அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு அமைப்பு உருவானது. நாம் சுருக்கமாக ‘ட்ரஸ்ட்’ என்கிறோமே, அதுதான். தோட்டச் சுகாதாரமும் பிள்ளை மடுவமும் அதன் பார்வையில் வருகின்றன. இன்னொரு பக்கம் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ஆக, தோட்டத்து டிஸ்பென்சரியில் முடிந்த வைத்தியம் இப்போது மெல்ல மெல்ல டவுன் ஆஸ்பத்திரிக்கு நகர்கிறது. டிஸ்பென்சரியில் நம்மைத் தெரிந்த டாக்டரய்யா இருந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் நம்மைத் தெரிந்தவர் யார்?

“மொழி உரிமை இருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் 16ஆம் திருத்தம் நிருவாக மொழி பற்றி இன்னும் விரிவாகச் சொன்னது. 1999 இல் வர்த்தமானி மூலம் பதுளை மாவட்டத்தில் அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை உட்படப் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிருவாக மொழியாக உள்ள பிரிவுகள் என்று அறிவிக்கப்பட்டன. ஆனால் வர்த்தமானி வாய் திறந்து பேசாது. கவுண்டரில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால்தான் அந்த உரிமை நம் அம்மாவின் காதில் விழும். அந்தக் கதிரைக்கு ஆள் வேண்டும் என்று கேட்பது சங்கத்தின் வேலை. அந்தக் கதிரைக்குத் தகுதியுள்ள ஆளை உருவாக்குவது நம் எல்லோருடைய வேலை.

சரி, அந்த வேலைக்கு என்னென்ன தெரிய வேண்டும்? தம்பி தங்கைமாரே, கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, மூன்று மொழி. தமிழ் நமக்கு இருக்கிறது. சிங்களம் டவுனுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குப் பேச வரும், எழுத வராது. அந்த எழுத்தைப் பழக வேண்டும். இங்கிலீஷில் இலக்கியம் பேசத் தேவையில்லை. பெயர், விலாசம், நோயின் பெயர், மருந்தின் பெயர் வாசிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் வேண்டும். சிங்கள ஊர்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரிவது குறைவு, கொழும்புப் பிள்ளை இங்கே வேலைக்கு வருவதும் குறைவு. மூன்று மொழியும் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் இருக்கிற பெறுமதி அதனால்தான்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி எழுத்து. மருந்துத் துண்டில் டாக்டர்கள் சுருக்கமாக எழுதுவார்கள். பி.டி. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. நொக்டே என்றால் இரவில். எப்.பி.எஸ். என்றால் வெறும் வயிற்றில் எடுக்கும் சீனிப் பரிசோதனை. இவை வாய்ப்பாடு மாதிரி மனதில் நிற்க வேண்டும். ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன்: பெயரை எழுதிய பிறகு திரும்ப வாசித்துக் காட்டுங்கள், அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள், வயதையும் தோட்டத்தையும் டிவிசனையும் கேளுங்கள். மூன்று லெட்சுமி இருக்கிற இடத்தில் பெயர் மட்டும் போதாது.

மூன்றாவது, கொம்பியூட்டர். ஆஸ்பத்திரிப் பதிவுகள் கொப்பியிலிருந்து கொம்பியூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. டைப் பண்ணவும், பட்டியல் போடவும், ஒரு இலக்கத்தை வைத்து பைலைத் தேடவும் தெரிந்திருக்க வேண்டும். போனில் வீடியோ பார்க்கத் தெரிவதைக் கொம்பியூட்டர் அறிவு என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

நான்காவது, எல்லை. இந்த வேலையில் இருப்பவர் டாக்டர் சொன்னதை நோயாளிக்கு விளங்க வைக்கலாம். தானாக மருந்து சொல்லக் கூடாது. “எனக்குத் தெரிந்த மாத்திரை ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக் குடியுங்கள்” என்று சொல்லுகிற நாளில் அவர் ஆபத்தானவராகிவிடுகிறார். நெஞ்சு வலி என்று ஒருவர் வந்தால், வரிசையில் நிற்கச் சொல்லாமல் உடனே நர்ஸைக் கூப்பிடத் தெரிவதும் இந்த எல்லைக்குள் வரும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. வாயைக் காப்பது. நாம் லயத்தில் வாழ்கிற சனம். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். மேட்டு லயத்துப் பிள்ளை எதற்குக் கிளினிக் வந்தாள், கல்யாணமாகி மூன்று வருடமாகப் பிள்ளையில்லாத பெண் எந்த டாக்டரைப் பார்த்தாள், யாருக்கு டி.பி. மருந்து கொடுக்கிறார்கள் என்று மேசையில் இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிய வரும். அது தண்ணிப் பீலிக்கு வந்தால் ஒரு குடும்பமே உடையும். அடுத்த முறை யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள், மறைத்து மறைத்து நோயை வளர்த்துக்கொள்வார்கள். 2022 இல் வந்த 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய சுகாதாரத் தகவலை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய தகவல் என்று சொல்லுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே அது மனிதத் தன்மை. அம்மா கேட்டாலும் சொல்லக் கூடாது. அம்மாமாரே, நீங்களும் கேட்கக் கூடாது.

இனிப் பயிற்சியைப் பற்றி. இங்கேதான் நம் சனம் காசை இழக்கிறது. ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று ஓ.எல். முடித்துவிட்டு, டவுனில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து ஒரு கோர்ஸில் சேர்ந்தது. ஆறு மாதத்தில் நர்ஸ், வேலை நிச்சயம் என்று அந்த நோட்டீசில் இருந்ததாம். அம்மா தோட்டை அடகு வைத்துக் காசு கட்டினார். கோர்ஸ் முடிந்தது, வர்ணத்தில் அச்சடித்த சேர்ட்டிபிக்கட்டும் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன இடத்தில் இது செல்லாது என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் இன்னொன்று புதுப் பெயரில் வரும். எப்படி இனங்காண்பது என்று தெரிந்துகொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு.

ஆறு மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று வருடம். குடும்பநல மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றரை வருடம். இவற்றுக்கு அரசாங்கம் வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், தமிழிலும் வரும். வயது, பாடம், சித்தி எல்லாவற்றுக்கும் அந்த அறிவித்தலில் எழுதியிருப்பதே கணக்கு. பக்கத்து வீட்டு மாமா சொல்லுகிறதோ, போனில் வந்த மெசேஜோ கணக்கில் வராது. வாரத்துக்கு ஒரு தடவை ஒருவர் பார்த்து எல்லோருக்கும் சொல்லுகிற மாதிரி ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிள்ளையை நியமியுங்கள்.

மருந்தாளர் தொழில் இன்னொரு வழி. பாமசி நடத்தவும் மருந்து கொடுக்கவும் பதிவு பெற்ற மருந்தாளர் வேண்டும். 2015 இன் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் அதில் கண்டிப்பாக இருக்கிறது. பாமசியில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பிள்ளை மருந்தாளர் ஆகிவிடாது. அதற்குப் பரீட்சையும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவும் வேண்டும்.

இந்த வழிகளுக்கு விஞ்ஞானப் பாடம் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் இந்த மேசை வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு வழி என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழில் தகைமை. அது 1 முதல் 7 வரை ஏழு மட்டங்கள் கொண்டது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். கொம்பியூட்டர் வேலைக்கு இந்தத் தகைமை இருக்கிறது. நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்கும், தாதி உதவியாளர் வேலைக்கும் இருக்கிறது. இன்றைக்கு 3ஆம் மட்டத்தில் கொம்பியூட்டர் படித்த பிள்ளை நாளைக்கு 4க்குப் போகலாம், பிறகு டிப்ளோமாவுக்கு ஏறலாம். படி விட்டுப் படி ஏறுகிற ஏணி அது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும், பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களிலும் இந்தத் தகைமைக்கான கோர்ஸ்கள் நடக்கின்றன. தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் ஊடாக வேலைத்தளத்திலேயே பழகியும் இதைப் பெறலாம்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது. டிஸ்பென்சரியில் வருடக்கணக்காக உதவி செய்தவர், டவுன் டாக்டரிடம் நம்பர் எழுதியவர், நோயாளர் பராமரிப்பில் கொழும்பில் வேலை செய்தவர் என்று நம்மிடம் பலர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டி, அந்தத் தொழிலுக்குத் தகைமை இருந்தால் சான்றிதழ் எடுக்கலாம். முன்னர் கற்றதை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். அனுபவத்தைக் கடதாசியாக்குகிற வழி அது.

இப்போது அம்மாமாரே, ஐயாமாரே, ஒரு சதம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். விரல் விட்டு எண்ணி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இந்த நிறுவனம் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? 1990 இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி கொடுக்கிற நிறுவனம் அங்கே பதிய வேண்டும். பதிவு இலக்கத்தையும், அது எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு: இந்தக் கோர்ஸ் என்.வி.கியூ. தர அங்கீகாரம் பெற்றதா, எத்தனையாம் மட்டம்? நிறுவனத்தின் பதிவு வேறு, கோர்ஸின் அங்கீகாரம் வேறு. பதிந்த நிறுவனமே அங்கீகாரமில்லாத கோர்ஸையும் நடத்தலாம். இந்த இடத்தில்தான் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள்.

மூன்று: பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை மாதம் அனுப்புவீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? வகுப்பறையில் மட்டும் படித்து ஆஸ்பத்திரி வேலை வராது. எழுத்தில் தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

மூன்றுக்கும் வருகிற பதிலை ஆணைக்குழுவிடம் கேட்டுச் சரிபாருங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே போன் எடுக்கலாம். கஷ்டமாக இருந்தால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். கட்டுகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒரு கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 2024 இல் வந்த அந்த 1,350 ரூபாய் சம்பளக் கணக்கில், ஈ.பி.எப்., சந்தா ஒன்றும் கழிக்காமலே, அது 45 நாள் கொழுந்து. அட்டைக் கடியிலும் மழையிலும் 45 நாள் மலையேறி எடுத்த கொழுந்து. அந்தக் காசைக் கொடுத்து வாங்குகிற சேர்ட்டிபிக்கட் எங்கேயும் செல்ல வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொம்பிளைப் பிள்ளையைப் பதுளைக்கு அனுப்ப யோசிக்கிறீர்கள். ஆனால் பதினெட்டு வயதில் கொழும்புக் கடைக்கும், தெரியாத வீட்டுக்கும், வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம். அங்கே போகிற பிள்ளைக்கு இருக்கிற ஆபத்தைவிட, பயிற்சி நிலையத்துக்குப் போகிற பிள்ளைக்கு ஆபத்து அதிகமா? ஆறு மாதமோ ஒரு வருடமோ வருமானம் இல்லாமல் தாங்க வேண்டியிருக்கும். அது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடம்தான் அடுத்த முப்பது வருடத்தின் சம்பளத்தைத் தீர்மானிக்கும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: இது பெண் வேலை என்று ஒதுங்காதீர்கள். பதிவேடு எழுதுகிற கைக்கு ஆண் பெண் இல்லை.

இதில் சங்கம் செய்ய வேண்டியதையும் சொல்லாமல் போனால், எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையில் போட்டதாகிவிடும். மூன்று விசயத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் பகுதி ஆஸ்பத்திரிகளில் பதிவு, கிளினிக் கவுண்டர்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் தமிழில் சேவை செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர், எத்தனை வெற்றிடம் இருக்கிறது என்று 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்போம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாரும் நம்மைத் தட்டிக்கழிக்க முடியாது. பதில் நியாயமாக இல்லாவிட்டால், 1991 இல் சட்டமூலம் அமைக்கப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே முறைப்பாடு செய்வோம்.

இரண்டாவது, தோட்ட டிஸ்பென்சரிகளில் வேலை பழகியவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு கிளையும் எடுத்துத் தரட்டும். அவர்களுக்கு அனுபவத்தின் பேரில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொடுக்கும் வேலையைச் சங்கம் பொறுப்பெடுக்கும்படி கேட்போம். ட்ரஸ்டில் தொழிற்சங்கங்களுக்கும் இடம் இருக்கிறது. தோட்ட இளைஞருக்கு சுகாதாரத் துறைப் பயிற்சி என்ற விசயத்தை அங்கேயும் எழுப்புவோம்.

மூன்றாவது, சனிக்கிழமை பின்னேரங்களில் எழுத்துச் சிங்களமும், ஆஸ்பத்திரி இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்க நான் தயார். பாடசாலையிலோ, தோட்டத்துக் கோவில் மண்டபத்திலோ இடம் எடுத்துத் தாருங்கள். காசு வேண்டாம். கொப்பியும் பேனாவும் பிள்ளை கொண்டுவரட்டும். முதல் பாடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தன் பெயரையும், அப்பா அம்மா பெயரையும், தோட்டத்தின் பெயரையும் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் இருக்கிற பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே பிழை இருக்கிறது என்று அடிக்கோடிட்டுக் கொண்டு வாருங்கள். அந்தப் பிழைகளைத் திருத்த என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பிலேயே பேசுவோம்.

வகுப்புக்கு வர விரும்புகிற பிள்ளைகள் இன்றைக்கே மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓ.எல். சித்தியடையாத பிள்ளைகளும் வரலாம். எந்த மட்டத்திலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.